காயம்பட்டவன் பிழைக்க மூன்று

மகளின் காலுக்கு அண்டக் கொடுக்க இன்னொரு தலையணை தேடிப் பரணில் கைவிட்டபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் பித்தளை வாசனை. உள்ளே புளியங்கொட்டைகள், சட்டைப் பொத்தான்கள், இரண்டு தாயக்கட்டைகள். அவளும் நானும் ஒரு காலத்தில் நடத்திய யுத்தத்தின் மிச்சம் இவ்வளவுதான்.

போன மாதம் துவாக்குடி அருகே அவள் சென்ற பஸ் லாரியில் மோதியது. அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது. பக்கத்து ஸீட்டில் இருந்த தோழி இறந்துவிட்டாள். எலும்பு கூடிவிடும் என்கிறார் டாக்டர். கேட்டால் பதில் சொல்கிறாள், கொடுத்தால் சாப்பிடுகிறாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நானும் ஆபீஸ் போய் வருகிறேன். ஹாரன் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

எங்கள் யுத்தம் தொடங்கியபோது அவளுக்குப் பத்து வயது. பொம்மைப் போர்வீரர்களை மேசைமேல் நகர்த்திச் சண்டையிடும் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தை, ஆபீஸ் பிரின்டரில் யாரும் பார்க்காத நேரமாக அச்செடுத்து வந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் வாழ்நாளின் ஒரே திருட்டு அது. ஆறடி மேசை வேண்டும் என்றது புத்தகம். ஸ்ரீரங்கத்து வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி ஊறுகாய் ஜாடிகளுக்குச் சொந்தம். எனவே கூடத்துத் தரையே களம். புளியங்கொட்டை காலாள், பொத்தான் குதிரை. அங்குலத்துக்குப் பதில் விரற்கடை. அதுவும் அவளுடைய விரல்தான், என்னுடையது தடிமனாம்.

ஆறு முகப் பகடை இல்லாததால் தாயக்கட்டையை எடுத்தோம்.

"வைகுண்ட ஏகாதசிக்கு மட்டுந்தான் அதைத் தொடறது. அப்பாவும் பொண்ணுமா தினம் உருட்டறேளே!" என்றாள் மனைவி.

"பெருமாளே தேர் ஓட்டினவர்தானேடி" என்றேன்.

காயம்பட்டவன் பிழைக்க ஆறு விழ வேண்டும் என்பது விதி. அதை அப்படியே வைத்துக்கொண்டேன். தாயக்கட்டையில் மூன்று புள்ளிக்கு மேல் கிடையாது. இரண்டிலும் மூன்று விழுந்தால்தான் ஆறு. அது எப்போதாவது விழுவது. கணக்குப் படித்தவனுக்கு இது தோன்றவில்லை. ஒரு வாரம் ஒருவனும் பிழைக்கவில்லை.

"அப்பா, இது அழுகுணி ஆட்டம்! நம்ம கட்டைல மூணுதான் அடிக்கடி விழறது. மூணுன்னு மாத்து."

"யுத்தம்னா நாலு பேர் சாகத்தான் செய்வா."

"உன் குதிரை செத்திருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பே!"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். 'மூன்று' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே தயிர்சாதம் இறங்கியது.

நேற்று மாலை டின்னைக் கட்டில்மேல் கவிழ்த்தேன். மறுக்கவில்லை, ஆடினாள். அவள் வெட்டிய என் குதிரையை, கட்டை உருட்டாமலே, அவள் படைக்கு நடுவில் திரும்ப வைத்தேன். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

"இருக்கட்டும்பா" என்று கட்டையை என் பக்கம் தள்ளினாள்.

அவள் என்னோடு கடைசியாகச் சண்டை போட்டது அந்த பஸ் ஏறப் போன காலையில். குடை எடுத்துப் போவதைப் பற்றி. யார் ஜெயித்தோம் என்று எனக்கு நினைவில்லை.