கச்சேரி வாசல் தட்டச்சுக்காரி

கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தின் வாசலில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கும் தொழிலில், விரலுக்கு முதல் தேய்வது காதுதான். அடிப்பவள் பெண்ணென்றால், மனுவை மறந்துவிட்டு "உமக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லையோ?" என்பார்கள். இப்படி ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முத்திரை வாங்கப் போன நேரம்

பாலையூற்றிலிருந்து ஒரு தகப்பன் மகள் பிலோமினாவோடு வந்தார். அவளுக்குத் தாதிப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. குமர்ப்பிள்ளை கொழும்பில் தனியே நிற்பதா என்று வீட்டில் சண்டை. "பயிற்சிக்கு வரமாட்டேன்" என்று அவளே எழுதுவதுபோல் அடிக்கச் சொல்லிவிட்டு, தபால் முத்திரை வாங்கப் போனார்.

அதுவரை நிலத்தைப் பார்த்து நின்றவள் குனிந்து ஒன்று சொன்னாள். அப்படியே அடித்தேன். தகப்பன் வந்து, கடிதத்தை எட்டப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டி, தன் கையாலேயே உறையை ஒட்டினார். இன்று அவள் தாதி. அன்று சொன்னது இதுதான்: "அக்கா, 'வருவேன்' எண்டு அடியுங்கோ, அப்பா கண்ணாடி கொண்டுவரேல்லை."

ஆரின்ர வள்ளம்?

சல்லிக் கிராமத்து மகேஸ்வரிக்குப் புருஷன் கடலில் மாண்டபின் மிஞ்சியது மூன்று பிள்ளைகளும் ஒரு வள்ளமும். வள்ளத்தைத் தங்கள் பேரில் பதியக் கொழுந்தன்மார் முந்தினார்கள். மூன்று மனு அடித்தும் பதில் இல்லை. நாலாம் முறை என்னையும் உள்ளே இழுத்துப் போனாள். கடலுக்குப் போகாத பெண்ணுக்கு வள்ளம் எதற்கு என்றார் அதிகாரி. கொழுந்தன்மார் சிரித்தார்கள்.

அவள் யன்னலுக்கு வெளியே நின்ற அதிகாரியின் கந்தோர் ஜீப்பைக் காட்டி ஒன்று கேட்டாள். அதிகாரி அவளுடைய மனுவை எடுத்து வாசித்தார். அடுத்த கிழமை வள்ளம் அவள் பேரில் பதிவானது. கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, அதை டிரைவர்தானே ஓட்டுறார், அதுக்காக அவருக்கோ எழுதிக் குடுத்திட்டீங்கள்?"

என் கடிதம்

எனக்கும் ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். கந்தளாயில் உத்தியோகம். தெருவோரத் தொழிலை நான் விட்டால்தான் கலியாணம் என்று எழுதியிருந்தார். நான் சம்மதிக்காததால் அம்மா சாப்பிடவில்லை, அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மேசைக்கு வந்து, "விட ஏலாது" என்று பதில் அடித்தேன். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை.

பக்கத்து மேசை மூதூர்க் காசிம் நானா என் எழுத்துப் பிழைகளைத் திருத்துபவர். கேளாமலே தாளை வாங்கி, இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இதில திருத்த ஒண்டுமில்லை, கொண்டுபோய்த் தபாலில போடுங்கோ."

மாப்பிள்ளை வேறிடத்தில் கட்டினார், அண்ணன் ஒரு மாதத்தில் கதைத்தார், நானோ எழுத்துப் பிழையோடென்றாலும் என் மேசையிலேயே இருக்கிறேன்.