நாற்பத்து மூன்று விதைகளும் என் தங்கையும்

டீ ஆறும்வரை என் தங்கை காத்திருந்து நான் பார்த்ததில்லை. நாக்கைச் சுட்டுக்கொள்வாள், பிறகு என்னைத் திட்டுவாள். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அந்தப் பம்பரம்தான் பதினோரு வருடமாக விதை வங்கியில் வேலை செய்கிறது. காட்டு மூலிகைகளின் விதையை ஈரம் போக உலர்த்தி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஃப்ரீசரில் வைக்கிறாள். அப்படி உறைந்த விதை பல வருடம் உயிரோடு கிடக்குமாம். நான் எட்டாவதோடு நின்ற தையல்காரி. ஆனால் அங்கே விதை உலர்த்தும் துணிப்பைகள் அத்தனையும் நான் தைத்தவை. ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை.

அன்று புதுப் பைகளைக் கொடுக்கப் போனேன். தங்கை ஃப்ரீசர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அக்கா, மணியைப் பாரேன்.”

ஒவ்வொரு பாட்டிலிலும் விதையோடு கொஞ்சம் நீல மணிகள் போட்டிருப்பார்கள். ஈரம் பட்டால் அவை சிவக்கும். அவள் காட்டிய பாட்டிலில் பாதி மணிகள் சிவந்திருந்தன. உள்ளே நாற்பத்து மூன்று விதை. காயத்துக்கு அரைத்துப் போடும் ஒரு செடி. அது வளர்ந்த மலைச்சரிவைக் கல்லுக்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். வேறெங்கும் கிடைக்கவில்லை.

“திறந்து பாருடி.”

“இப்பத் திறந்தா காத்துல இருக்கிற ஈரமெல்லாம் குளிர்ந்த விதை மேல முத்து முத்தாப் படிஞ்சிடும். வெளியே எடுத்து வெச்சு, மூடினபடியே சூடு ஏறணும். நாளைக்குக் காலைலதான்.”

“நீயா காத்திருக்கப் போற?”

“வாயை மூடுக்கா.”

சாயங்காலம் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். “செத்திருக்குமாக்கா?” என்று பத்துத் தடவை கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

காலையில் நானும் கூடப் போனேன். மூடியைத் திருகினாள். ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நூல் ஒட்டிக் கிடந்தது. பையிலிருந்து விதையைக் கொட்டும்போது விழுந்திருக்கிறது; அந்த இடுக்கில்தான் ஈரம் புகுந்திருக்கிறது. வெள்ளை நூல், இரட்டை முறுக்கு. என் மிஷினில் ஓடுவது அதுதான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டை எடுத்து, ‘மூடும்போது வளையத்தைச் சரிபார்க்காதது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“நூல் என்னுதுடி. அதையும் எழுது.”

“பாட்டிலை நான்தானே மூடினேன்? போக்கா.”

ஐந்து விதையை ஈரத்தாளில் வைத்தாள். மிச்சத்தை மறுபடி உலர்த்தினாள். ஒன்பது நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆய்வகத் தலைவர், “தூக்கிப் போட்டுடும்மா” என்றார். “இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க சார்” என்றாளாம். பொறுக்கச் சொன்னது யார் பாருங்கள்!

பதினாறாம் நாள் என் கடைக்கு ஓடி வந்தாள். காலுக்கு ஒரு செருப்பாக, ஜோடி மாறியிருந்தது.

“மூணுக்கா! அஞ்சுல மூணு!”

மீதி முப்பத்தெட்டு விதையும் இப்போது இரண்டு பாட்டிலில், இரண்டு ஃப்ரீசரில் இருக்கின்றன. நான் நூல் முனைகளை மடிப்புக்குள் செருகி முடிச்சிட்டுத்தான் பையைக் கொடுக்கிறேன். அப்படியும் அவள் ஒவ்வொரு பையையும் உள்புறம் திருப்பி ஊதிப் பார்க்கிறாள். வேறு யாராவது என் தையலை அப்படிச் சோதித்தால் துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். இவளுக்கு மட்டும் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிக்கிறேன்.