அக்கா சபதம் எடுக்கவில்லை

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் அந்த வசனம் இந்தக் கட்டுரையில் இல்லை. மலரைத் தொகுக்கும் சித்தப்பா அதைச் சேர்க்கும்படி திரும்பத் திரும்பக் கேட்டார். "பிள்ளை, தகப்பன்ரை பிரேதத்துக்கு முன்னாலை சபதம் எடுத்து டொக்டர் ஆனவ எண்டு ஒரு வரி போடு. சனம் தேடும்." தேடட்டும்.

அக்கா தீவுப்பகுதியில், புளியங்கூடலில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் மீன் வெட்டுவது அவர் பொறுப்பு. குசினிக்குப் பின்னால் இருந்துகொண்டு, இதயம் எங்கே, குடல் எங்கே போய் முடிகிறது என்று ஒவ்வொரு மீனையும் பிரித்துப் பரப்பி வைப்பார். அதற்குள் அடுப்பில் புளி வற்றிவிடும். "கறிக்கு வெட்டுறியோ, பள்ளிக்கூடம் நடத்துறியோ?" என்று அம்மா கத்துவார். அக்கா அசையமாட்டார். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய அவருக்கு ஆசை. மருத்துவம் படித்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஐயாவுக்கு, எங்கள் தகப்பனுக்கு, அது பிடிக்கவில்லை. "ரீச்சர் வேலை எடுத்தா வீட்டோடை இருக்கலாம். பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த அலைச்சல் ஏன்?" என்றார். அக்கா கேட்காமல் உயிரியல் எடுத்தார். அதன்பிறகு இருவரும் மாதக்கணக்கில் கதைக்கவில்லை. அக்கா சோறு போடுவார், ஐயா சாப்பிடுவார், பேச்சு மட்டும் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோ யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தைத் தாண்டுமுன், அக்காவின் மடியிலேயே போய்விட்டார்.

மருத்துவபீடத்தில் இடம் கிடைத்ததும் ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை தாங்கியவர் சபதக் கதையை ஒலிவாங்கியில் சொல்ல, முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பதிலுரைக்கு எழுந்த அக்கா சொன்னது இதுதான்: "ஐயா செத்ததாலை நான் படிக்கேல்லை. ஐயா வேண்டாமெண்டவர். எனக்கு விருப்பம், படிச்சனான். அவர் இருந்திருந்தா இன்னும் சண்டை பிடிச்சுப் படிச்சிருப்பன்."

ஒருவரும் கைதட்டவில்லை. தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயர் அன்றே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பொன்னாடையைக் கூடக் கழற்றாமல் ஐயாவின் கதிரையில் உட்கார்ந்து அவர் அழுததை உங்களில் யாரும் காணவில்லை. "என்னோடை சண்டை பிடிச்ச மனுசனை ஏன் பொய்யாக்கினம்?" என்று கேட்டார். அவரிடம் மிஞ்சியிருந்த ஐயா அந்தச் சண்டைக்கார ஐயாதான்.

டொக்டரான பிறகு தீவுப்பகுதிக்கே இடமாற்றம் கேட்டு வந்தார். அதையும் தியாகம் என்று எழுதமாட்டேன். அம்மாவின் சமையலை விட்டு இருக்க அவரால் ஏலாது.

கடைசி நாட்களில் நோயாளியாகப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அவர் மாறவில்லை. நோய் விபரம் கேட்க வரும் மருத்துவ மாணவர்களிடம் அவர் திருப்பிக் கேட்பார்: "நீர் ஏன் மருத்துவத்துக்கு வந்தனீர்?" சேவை என்று தொடங்கினால், "உதை மேடையிலை சொல்லும். எனக்கு உண்மையைச் சொல்லும்" என்பார். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததால் வேறு ஒன்றையும் யோசிக்க விடவில்லை என்றான் ஒரு பையன். மடத்துவெளி ஊர்ப் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கி, "அம்மாவுக்காக வந்தனான் டொக்டர். எனக்குப் படம் கீறத்தான் விருப்பம்" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இனியாவது இதை உமக்காகப் படியும். படம் கீறுறதையும் விடாதையும்." அந்தப் பிள்ளை செத்தவீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றாள்.

அக்காவைத் தங்கள் உடன்பிறப்பைப் போலப் பார்த்த தாதியருக்கும், பந்தல் போட்டு, சமைத்து, எங்களைச் சாப்பிட வைத்த அயலவருக்கும், இந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தக் கட்டுரையை முகம் சுளித்துக்கொண்டேனும் அச்சுக்குக் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி.

இன்னும் ஒன்று. செத்தவீட்டில் என் மகளின் தலையைத் தடவி, "பெரியம்மான்ரை இடத்தை இனி நீதான் நிரப்பவேணும்" என்று பலர் சொன்னீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தாள். நாளைக்கு யாராவது அதைச் சபதம் என்று மேடையில் சொன்னால், ஒலிவாங்கியை வாங்க நான் எழுந்து வருவேன்.