எண் நகர்த்த மறுத்த கோமதிநாயகம்

சமன்பாட்டு எண்ணை இனி இடப்பக்கத்தில் அல்ல, வலப்பக்க ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவது என்று எங்கள் பழுதுபார்ப்புக் கையேட்டுப் பிரிவு ஒரு திங்கட்கிழமை முற்பகலில் ஏகமனதாகத் தீர்மானித்தது. இரண்டு ஆண்டு விவாதம் முடிந்தது. இடப்பக்கத்துக்காக வாதாடிவந்த, கையேட்டுக் கோப்பின் பொறுப்பாளர் கோமதிநாயகம் அன்று வரவில்லை. ஏகமனது அதனால்தான் வாய்த்தது. தேநீர் வந்தபோது, காலையில் அல்வாலில் தம் வீட்டில் அவர் காலமான செய்தியும் வந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த நோட்டு நினைவிருக்கும். கையேட்டில் புதிய சமன்பாடு சேர்க்க விரும்புகிறவர் அதில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாவதற்கு முன்னால் ஒன்றைச் செருகும்படி நான் ஒருமுறை கேட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அவருடைய பேச்சு இந்த ஊருக்கு வந்து சேரவில்லை.

"ஒண்ணு உள்ள வந்தா மிச்சம் அம்பத்தொம்பதும் நகரணும். உரையில சொல்லியிருக்க எடமெல்லாம் தேடி மாத்தணும். எண்ணெல்லாம் கையால அடிச்சதுவே. நீரு மாத்துவீரா?"

நான் அந்தச் சமன்பாடு இல்லாமலே எழுதி முடித்தேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோரும் இப்படியே திரும்பிப் போனதால் கையேடு மெலிந்திருந்தது; பட்டறையில் அதை உண்மையாகவே படித்தார்கள்.

அவர் இறந்த வாரமே பரிசீலனைக் குழு ஒரு சமன்பாட்டை இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னது. மறுக்க முடியாது. கோப்பும் கடைசிக் கையெழுத்தும் என் தலையில் விழுந்தன. 'சமன்பாடு 14-ஐப் பார்க்க' என்ற வரி தவறான இடத்துக்கு அனுப்பினால், பட்டறையில் ஒருவர் பிரேக்குக்குத் தவறான அழுத்தம் வைப்பார். இரண்டு நாள்தான் இருந்தது.

"கைக்கு சார் நமக்கு இந்தத் தலைவலி?" என்றாள் கூகட்பள்ளியிலிருந்து வரும், பக்கத்து மேசை சரிதா. தமிழ் வீட்டுப் பெண். சலிப்பு மட்டும் இந்த ஊர் உருதுவில் வரும்; 'ஏன்' அப்போது 'கைக்கு' ஆகிவிடும்.

சமன்பாட்டைச் செருகினேன். பெரிய நம்பிக்கை எதுவுமின்றி முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து எஃப்-9 விசையை அழுத்தினேன். ஓரத்து எண்கள் நகர்ந்தன. உரைக்குள் இருந்தவையும் நகர்ந்தன. அத்தனையும் கிராஸ் ரெஃபரன்ஸ், சமன்பாட்டு எண் மாறினால் தானாக மாறிக்கொள்ளும் இணைப்புகள். மாலைவரை இருவரும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். கையால் அடித்த எண் ஒன்றுகூட இல்லை.

"ஹவ் சார், இத்தன வருஷமா பொய் சொல்லிருக்காரு."

அவளுடைய 'ஹவ்'வுக்கு நானும் தமிழில் ஆமாம் என்றேன். அந்த வாரத்தில் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நோட்டு. சென்ற வாரம் வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் நான்கு சமன்பாடுகளோடு வந்தார். எல்லாம் கையால் அடித்தது என்று சொல்லி நோட்டை நீட்டினேன். சரிதா நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையேட்டில் இப்போதும் அறுபத்திரண்டு சமன்பாடுகள்தான் இருக்கின்றன.