ராமராஜனும் பதினான்கு குருவிகளும்

காலை ஏழு மணிக்கு ராமராஜனின் கொல்லையில் நாற்பத்து மூன்று புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணி முடித்தபோது மனிதருக்கு அழுகை வராத குறைதான். அவர் தேடியது சிட்டுக்குருவியை. அது ஒன்றுகூட இல்லை.

செவிலிமேட்டில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வருஷத்திலிருந்து பறவை எண்ணியது அவர் மனைவி அலமு. பொங்கல் சமயத்தில் நான்கு நாள், அவரவர் வீட்டுப் பக்கம் வரும் பறவைகளை எண்ணி போனில் பதிந்து அனுப்புகிறார்களே, அந்த வழக்கம். கல்லூரியில் படித்தபோது மகள் சத்யப்ரியா வீட்டுக்குக் கொண்டுவந்தது. வேலை கிடைத்ததும் மகளுக்கு அலுத்துவிட்டது, அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது.

மார்கழி பிறந்தால் அலமு தயாராகிவிடுவாள். பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மருதாணிச் செடிக்கடியில் இரை போட்ட ஒரு தட்டை வைத்துவிட்டு, காபித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து எண்ணுவாள். மைனா நாலு, தவிட்டுக்குருவி ஏழு என்று அவள் முணுமுணுப்பது குளியலறை வரைக்கும் கேட்கும். சிட்டுக்குருவிக்கு மட்டும் குரல் ஒரு படி ஏறும். போன வருஷம் பதினான்கு வந்தன. அன்றைக்கு முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆவணியில் அலமு போய்விட்டாள்.

இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றாள் மகள். அவர் ஒப்பவில்லை. ஏழு வருஷம் அலமு விடாமல் அனுப்பியது எட்டாம் வருஷம் நின்றுபோகக் கூடாது, அவள் பெயரிலேயே போக வேண்டும், அதிலும் குருவி இல்லாமல் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ராமராஜன் லேசுப்பட்டவர் இல்லை. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்தெட்டு வருஷம் மெஷின் ஓட்டியவர். அவர் ஓட்டினால் அரிசி உடையாது என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் காத்துக் கிடந்து அரைத்துப் போவார்கள். ஒரு கை அரிசியை அள்ளி ஊதிப் பார்த்து, உடைந்தது நாலு தெரிந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் அலமு ஒருநாள், கஞ்சிக்குக் கொஞ்சம் குருணை கொண்டுவரச் சொன்னாள். குருணை என்றால் உடைந்த அரிசி. என் கையில் குருணை ஏது என்று மனிதர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவர் குருவிக்கு மட்டும் மட்டமானதையா போடுவார்? மார்கழி முதல் தேதியிலிருந்து முழு முழுப் பொன்னி அரிசியைக் கொல்லை நிறைய இறைத்தார். புறாக்களுக்குக் கொண்டாட்டம். ஊரிலிருக்கும் கோபுரத்துப் புறாவெல்லாம் இங்கேதான் காலை டிபன் என்று சத்யப்ரியா கேலி செய்தாள். பொங்கலன்று குருவி பூஜ்யம். மாட்டுப் பொங்கலன்றும் பூஜ்யம். காணும் பொங்கலன்று மேற்படி நாற்பத்து மூன்று புறா. மீதி இருந்தது ஒரே நாள்.

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாளாக மகள் மென்று விழுங்கியது அப்போதுதான் வெளியே வந்தது.

“அப்பா, முழு அரிசி போட்டா புறாதான் வரும். அம்மா குருணைதான் போடும்.”

“குருணைக்கு அவ எங்கம்மா போனா?”

“நீ மில்லுலேர்ந்து கொண்டாந்த அரிசிலதான். நீ வெளிய போனப்புறம் மொறத்துல கொழிச்சு எடுத்து வச்சிக்கும். ஒடைஞ்சது கண்ணுல பட்டா நீ சாப்பிட மாட்டியாம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுச்சு.”

ராமராஜன் சமையலறைக்குப் போய் மூட்டையைப் பிரித்து, முறத்தில் அரிசியைக் கொட்டி, பழக்கமில்லாத கையால் கொழித்தார். மகள் உதவிக்கு வந்தாள், விடவில்லை. முறத்தின் ஓரத்தில் ஒரு கைப்பிடி குருணை ஒதுங்கியது. இப்போது மில் ஓட்டுவது வேறொருவன், அவன் கைவாகு சரியில்லை என்று தப்பித்துக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷமாகத் தன் தட்டில் உடைந்த பருக்கை ஒன்றுகூட விழாதது யாருடைய வேலை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

கடைசி நாள் காலையில் புறாக்கள் மதில்மேல் காத்திருந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயின. மருதாணிச் செடிக்கடியில், புறா நுழைய முடியாத இடுக்கில், அவர் குருணையைத் தூவியிருந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு வேலியிலிருந்து ஒரு சிட்டுக்குருவி இறங்கியது. அதன் பின்னால் இரண்டு.

எத்தனை என்று கேட்ட மகளிடம் மூன்று விரலைக் காட்டினார். போன வருஷம் பதினான்காயிற்றே என்று அவள் தயங்கினாள்.

“மூணுன்னே போடும்மா. அவ இருக்கசொல்லவே ஒரு வாட்டி, ஆமா அலமு, என் கையிலயும் குருணை விழத்தான் செய்யுதுன்னு சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லாமலே இருந்துட்டேன்.”

சத்யப்ரியா மூன்று என்று பதிந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். மூன்றுதான்.