ஜுஹைனா போட்ட எல்லை

ஞானதுரை அண்ணாச்சி செங்கோட்டையில் புதுக் கடை திறக்கப்போவது அவர் மனைவிக்கே தெரியாது. பாவூர்சத்திரம் சந்தையில் எதிர்க்கடை அய்யாக்குட்டிதான் முதலில் வாழ்த்துச் சொன்னார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க, மறுநாள் சாரல் மழையோடு தென்காசியில் ஜுஹைனா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்துவிட்டார் ஞானதுரை. ஆறு காய்கறிக் கடைகளின் ஆர்டர் புரோகிராம்கள் அங்கே ஒரே சர்வரில் ஓடின. ஒரு கடையின் அதிகாலை நெரிசல் இன்னொரு கடையின் மெமரியைத் தின்றுவிடாதபடி, கடைக்கொரு குழுவாகப் பிரித்து அளவு வைத்திருந்தவள் ஜுஹைனா. 'ஞானதுரை, செங்கோட்டை புதுக்கடை' என்று குழுவுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். தன் புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று துழாவிய அய்யாக்குட்டியின் ஆளுக்கு, அது இருக்கும் குழுவின் முழுப் பாதையும் தெரிந்தது. அதன் வழியே போனால் அடுத்த குழுக்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன.

"தப்பு என் பேர்லதான் அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள மறைச்சிருதேன்" என்றாள்.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் குழுவே உச்சியாகத் தெரியும்படி தனி எல்லை போட்டாள். சோதித்தால், முழுப் பாதை அப்படியே வந்தது. இரண்டு மணி நேரம் குழம்பினாள். தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோதுதான் பிடிபட்டது: எல்லை போடும் நேரத்தில் புரோகிராம் எங்கே நிற்கிறதோ, அதுதான் அதற்கு உச்சி. அவளோ புரோகிராம் குழுக்களுக்கெல்லாம் மேலே நிற்கும்போதே எல்லையைப் போட்டுவிட்டு, அப்புறம் குழுவுக்குள் அனுப்பியிருந்தாள். வரிசையை மாற்றினாள். முதலில் குழுவுக்குள் அனுப்பினாள், பிறகு எல்லை. குழுக்களின் கோப்புறையையும் உள்ளேயிருந்து புதிதாக இணைத்தாள். முழுப் பாதை வந்த இடத்தில் இப்போது திரையில் '/' என்று ஒரே ஒரு சாய்வுக்கோடு வந்தது.

அதுவரை காத்திருந்த ஞானதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வெறும் கோடுதானா?"

"இனிமே அவங்க கண்ணுக்கு அவ்வளவுதான் அண்ணாச்சி. அளவெல்லாம் நான் வச்சது வச்சபடி இருக்கு."

எது, எத்தனை நாள் வெளியே தெரிந்தது என்று ஆறு கடைக்கும் அவளே கடிதம் எழுதினாள். வாடிக்கை போய்விடும் என்று முதலாளி பெஞ்சமின் தயங்கினார். யாரும் போகவில்லை. அய்யாக்குட்டியோ, கேரளாவுக்கு லாரி தன்னிடம் இருக்கிறது, புதுக் கடையில் பங்கு தருவீர்களா என்று ஞானதுரையிடமே கேட்டார். அவரும் சம்மதித்தார். மனைவியைச் சமாதானப்படுத்தத்தான் நாளாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜுஹைனா தங்கையோடு குற்றாலத்துக்குப் போய், ஐந்தருவியில் பல் கிட்டும்வரை குளித்தாள்.