இங்கிலீஷ் மட்டும் பேசும் வீடு

எனக்கு வாய் ஓயாது. மிஷின் நின்றாலும் இவள் வாய் நிற்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கிற வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்த கையோடு எழுந்து போவதில்லை. மாமியார் கதை, நாத்தனார் கதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் போவார்கள். வெட்டுத்துணிக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவில்தான் என் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள்.

வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறார். வெளியில் அவர் பேசுவது அசல் மெட்ராஸ் பாஷை. வீட்டுக்குள் தெலுங்கு. தெலுங்கில் ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாது, தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே வந்தது. நான் தமிழ். கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியக்கூடாத விஷயத்தைத் தன் தங்கச்சியிடம் தெலுங்கில் பேசுவார். கொஞ்ச நாளில் எனக்கு அத்தனையும் புரிய ஆரம்பித்தது. புரிந்தது என்பதை அவருக்குச் சொல்லாமல் ரொம்ப நாள் வேடிக்கை பார்த்தேன்.

மகளுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினால் தமிழ், அவர் பக்கம் திரும்பினால் தெலுங்கு. காம்பவுண்டு சுவரில் காக்கா வந்து உட்கார்ந்தால் "அம்மா, காக்கா வந்துச்சு" என்பாள். கழுத்தை அந்தப் பக்கம் திருப்பி, "நைனா, காக்கி ஒச்சிந்தி" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். கண் பட்டுவிடப் போகிறது என்று நான் திருஷ்டி கழித்துப் போடுவேன்.

எல்கேஜியில் சேர்த்த கொஞ்ச நாளிலேயே மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். குழந்தை எல்லாவற்றையும் கலந்து பேசுகிறாளாம், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், இப்படியே போனால் யூகேஜிக்கு அனுப்புவது கஷ்டமாம். இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னார். அவள் வேறு பாஷையில் எதைக் கேட்டாலும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள், வேறு வழியில்லாமல் தானாக இங்கிலீஷ் வந்துவிடும் என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

கம்பெனி மீட்டிங்கில் இங்கிலீஷில் கேட்டால் வீட்டுக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"என்னை மாதிரி அவ வாய மூடிகினு நிக்கக் கூடாதும்மே. இன்னிலேர்ந்து இந்த ஊட்ல இங்கிலீஷ்தான்."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. நான் படித்தது தமிழ் மீடியம். என் கையிலிருந்த இங்கிலீஷ் கம், கோ, ஈட், ஸ்லீப், டோன்ட். இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் கொஞ்சத்தான் முடியுமா, திட்டத்தான் முடியுமா? தோலை உரிச்சிடுவேன் என்பதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், தெரியும். 'டோன்ட்' என்று கத்துவேன், அடுத்த வார்த்தை வராது, வாயை மூடிக்கொள்வேன். சோறு ஊட்டும்போது கதை நின்றது. தலை பின்னும்போது பேச்சு நின்றது. 'சிட்டி தல்லி' என்று தெலுங்கில் கொஞ்சி அவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை கதையளந்துகொண்டே போகிற மனிதர், 'பேபி கம், பேபி சிட்' என்றுவிட்டு அதற்கு மேல் தெரியாமல் செல்போனை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். இங்கிலீஷ் மட்டும் பேசும் வீடு என்று பேர்தான். வீட்டில் இங்கிலீஷ் பேசியது செல்போன் ஒன்றுதான்.

மகள் முதலில் அழுதாள். அப்புறம் ஒன்று செய்ய ஆரம்பித்தாள். நான் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது வந்து, இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள். "அம்மா, இங்க பாரேன்." நான் கண்ணை ஊசியை விட்டு எடுக்க மாட்டேன். அளவு கொடுக்க வந்த அக்கா, குழந்தை கூப்பிடுது பாரு என்பார். இங்கிலீஷ்ல கூப்பிட்டா திரும்புவேங்க்கா என்று அவரிடம் தமிழில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவர் மருமகள் கதையைக் கேட்பேன். மகள் பக்கத்திலேயேதான் நிற்பாள்.

நாளாக ஆக அவள் தாடையைப் பிடிப்பதை விட்டுவிட்டாள். பேச்சும் குறைந்தது. ஒரு மூலையில் உட்கார்ந்து வெட்டுத்துணியையும் பஞ்சுத்துண்டையும் வைத்துக்கொண்டு தானாக விளையாடினாள். இப்போது ரொம்ப சமர்த்தாகிவிட்டாள், வகுப்பில் சத்தமே இல்லை என்று மிஸ் சொன்னார். குழந்தை இனிமேல் வாயே திறக்க மாட்டாளோ என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் பொறு, வந்துடும் என்றார்.

மழைக்காலத்தில் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலை நகர்த்தினேன், மிஷினை நகர்த்தினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தபோதுதான் நாற்றம் அவளிடமிருந்து வருகிறது என்று தெரிந்தது. பல்லைத் தேய்த்துவிட்டேன், தலைக்கு ஊற்றினேன். ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. தெரு டாக்டர் சளி மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. வேனில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், குளிப்பாட்டி அனுப்புங்கள் என்று ஸ்கூலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். என் பிள்ளையை நான் குளிப்பாட்டாமல் அனுப்புகிறேனாம். ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தேன்.

அப்போதும் அவளிடம் "பெயின்? நோஸ் பெயின்?" என்றுதான் கேட்டேன். அவள் பேசாமல் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. தலைக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது, என் பிள்ளை எனக்கில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி அழுதேன். வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டார். ஆவடியில் மூக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வயதான டாக்டர். கிட்டே வந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் அவளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, கறுப்பாக, ஈரமாக எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். பிளவுஸுக்குள் கப் வைக்க நான் வெட்டுகிற பஞ்சு. என் காலடியில் எப்போதும் கிடப்பது.

பயப்பட ஒன்றுமில்லை, மருந்து போட்டால் ஆறிவிடும் என்றார். பிறகு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பஞ்சு உள்ள போனத அம்மாகிட்ட சொல்ல வேணாமா கண்ணு?" என்று கேட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். பதிலுக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை போலிருந்தது.

"சொன்னேன்," என்றாள். "நான் பேசுனா அம்மாக்குக் கேக்காது."

"மத்தவங்க பேசுனா?"

"மத்தவங்க பேசுனா கேக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் திரும்பி, இவங்களுக்குக் காதுல ஏதாவது பிரச்சனையா என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

என்றைக்குச் சொல்லியிருப்பாள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. எல்லா நாளும் நான் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓட்டிக்கொண்டே அவர், "சிட்டி தல்லி, நொப்பி பெட்டிந்தா?" என்று கேட்டார். வலித்ததா என்று. அவள் பேசவில்லை. காற்றில் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டார். நான் அவள் தலைமயிரில் வாயை வைத்து, அதோ பாரு மாடு, அதோ பாரு ரயில், மழை வரப்போவுதுடி என்று ஊர் வந்து சேரும்வரை பேசினேன். அவள் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். அளவு கொடுக்க வந்த அக்காவை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மகளை உட்கார வைத்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மாக்குக் கேக்குதுடி செல்லம். நீ பேசு, எல்லாம் கேக்குது. அம்மாவத் திட்டு. ரெண்டு அடி வேணா அடி."

வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் என் உதட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். தப்பாக ஏதாவது சொன்னால் நான் போய்விடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மம்மி, வாட்டர் ப்ளீஸ்."

கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்து, "தேங்க் யூ, மம்மி" என்றாள்.